வெனிஸுக்கு எந்த மாதம் போகலாம்?

வெனிஸுக்கு எந்த மாதம் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். ஏப்ரல், மே நன்றாக இருக்கும். அதை விட்டால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில், கொசு, கூட்டம். நவம்பரில் மட்டும் போய்விடாதீர்கள், ஊரே தண்ணீரில் நிற்கும். வழிகாட்டிப் புத்தகங்களும் பயண ஏற்பாடு செய்கிறவர்களும் பல வருடங்களாகச் சொல்லிவந்தது இதுதான். 2020 வரைக்கும் அது தப்பான பதிலும் இல்லை. அந்த வருடம் அக்டோபர் 3ஆம் தேதி நடந்த ஒரு விஷயம் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. பழைய பதில் மட்டும் இன்னும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. பள்ளிக்கு மே மாதம் விடுமுறை, அதனால் வெனிஸும் மே மாதம். பத்து நாளில் ஏழு நாடு காட்டுகிற பேருந்துப் பயணத்தில் வெனிஸுக்குக் கிடைப்பது காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை. படகில் வந்து இறங்கி, புனித மார்க் சதுக்கத்தில் நின்று போட்டோ எடுத்து (புறாவுக்குத் தீனி போடக் கூடாது, 2008லேயே தடை செய்துவிட்டார்கள்), ஒரு கொண்டோலாவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கண்ணாடிச் சாமான் கடைக்குள் நுழைந்து வெளியே வந்தால் வெனிஸ் முடிந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதத்தை முடிவு செய்வது பிள்ளைகளின் பரீட்சை அட்டவணை. ஆனால் ஐரோப்பாவில் படிக்கப் போனவர்கள், வேலையில் லீவை இஷ்டப்படி எடுக்க முடிகிறவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்களும் ஏன் மே மாதமே போகிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

காலம் பார்த்துப் பயணம் போவது வெனிஸ்காரர்களுக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ வெனிஸ்காரர். அங்கே முத்துக்குளிப்பு ஏப்ரலில் தொடங்கி மே பாதி வரை நடக்கும் என்று மாதக் கணக்கோடு சொல்லிவிட்டுப் போனவர். வெனிஸின் வியாபாரக் கப்பல்கள் அலெக்சாண்டிரியாவுக்குக் கிளம்பிய காலமும், மலபார் மிளகு செங்கடல் வழியாக அங்கே வந்து சேரும் காலத்தை ஒட்டித்தான் அமைந்தது. அதாவது நம் பக்கத்துப் பருவக்காற்றுக்கு வெனிஸ் காத்திருந்தது. இப்போது காலம் பார்க்க வேண்டியது அந்த ஊருக்குப் போகிறவர்கள்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். வெனிஸ் ஒரு காயலின் நடுவில் நூற்றுச் சொச்சம் சிறு தீவுகளின் மேல் கட்டிய ஊர். காயலுக்கும் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் நடுவில் நீளமான மணல் திட்டுகள். அவற்றில் லீடோ, மலமோக்கோ, கியோஜா என்று மூன்று வாய்கள். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஊரிலிருக்கிற அழுக்கை எல்லாம் ஆயிரம் வருடமாக வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது இந்த ஏற்றமும் வற்றமும்தான்.

ஏட்ரியாட்டிக் ஒரு பக்கம் அடைத்த நீளமான தொட்டி மாதிரி. வெனிஸ் இருப்பது அடைத்த பக்கத்தின் மூலையில். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ என்ற காற்று அடித்தால், கடல் தண்ணீர் மொத்தமும் அந்த மூலைக்குத் தள்ளப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் ஏற்கெனவே அதிகமாக இருக்கும். காற்றழுத்தமும் குறைந்து மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டால் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும். இதற்கு இத்தாலியில் 'ஆக்வா ஆல்த்தா' என்று பெயர், உயர்ந்த தண்ணீர் என்று அர்த்தம். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இதன் காலம், உச்சம் நவம்பர்.

அளவு சொல்லும்போது 80 செ.மீ., 110 செ.மீ. என்று சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீர் என்று பயப்பட வேண்டாம். அது 1897ஆம் வருடத்துச் சராசரிக் கடல் மட்டத்தை பூஜ்யமாக வைத்து அளப்பது. 80ஐத் தாண்டினாலே ஊரின் பள்ளமான இடமான புனித மார்க் சதுக்கத்தில் சாக்கடைத் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் கொப்பளிக்கத் தொடங்கும். 110 வந்தால் ஊரில் சுமார் 12 சதவீதம் நனையும். 140 வந்தால் பாதிக்கு மேல். 1966 நவம்பர் 4ஆம் தேதி 194 வந்தது. வற்ற வேண்டிய நேரத்தில் தண்ணீர் வற்றாமல் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஊருக்குள்ளேயே நின்றது. 2019 நவம்பர் 12ஆம் தேதி இரவு 187. அந்த ஒரே வாரத்தில் நான்கு முறை 140ஐத் தாண்டியது. பசிலிக்காவின் நிலவறைக்குள் தண்ணீர், புத்தகக் கடைகளில் நனைந்த புத்தகக் குவியல், கரையில் தூக்கி எறியப்பட்ட படகுகள்... அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் நவம்பரில் வெனிஸுக்கு டிக்கெட் போடாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த வருடமே அந்த அக்டோபர் 3 வந்தது. மூன்று வாய்களிலும் கடலடியில் படுத்திருக்கும் 78 மஞ்சள் நிற இரும்புக் கதவுகள் முதல்முறையாக ஊரைக் காக்க எழுந்து நின்றன. திட்டத்தின் பெயர் மோசே. செங்கடலைப் பிளந்த அதே மோசே பெயர்தான் வரும்படி சுருக்கியிருக்கிறார்கள். 2003ல் ஆரம்பித்து, நடுவில் 2014ல் ஊழல் வழக்கில் பெரிய தலைகளே கைதாகி, 500 கோடி யூரோவுக்கு மேல் விழுங்கிய திட்டம். செய்முறை என்னவோ எளிது. சாதாரணமாகக் கதவுக்குள் தண்ணீர் நிரம்பி அது படுத்திருக்கும். காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றினால் லேசாகி மேலே எழும். அதே வருடம் டிசம்பர் 8ஆம் தேதி முன்னறிவிப்பு குறைவாக இருந்ததால் கதவைத் தூக்காமல் விட்டு, தண்ணீர் 138 வரை வந்து எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். அதன் பிறகு தவறு பெரிதாக நடக்கவில்லை. 2022 நவம்பர் 22ஆம் தேதி வெளியே கடல் 170 செ.மீ.க்கு மேல் போனபோது ஊருக்குள் தெருக்கள் காய்ந்திருந்தன. கதவு இல்லாமலிருந்தால் 1966, 2019 வரிசையில் அந்தத் தேதியும் சேர்ந்திருக்கும்.

ஆக, நவம்பரில் போகாதே என்பதற்கு இருந்த பெரிய காரணம் போய்விட்டது. முழுதாகவா என்றால் இல்லை. 110 செ.மீ. வரும் என்ற கணக்கில்தான் பொதுவாகக் கதவைத் தூக்குகிறார்கள். அதற்குக் குறைவான ஏற்றத்தில் சதுக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் வரத்தான் செய்யும். பசிலிக்காவைச் சுற்றி மட்டும் 2022ல் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். 'அந்த 80க்கும் கதவைத் தூக்கிவிட்டால் என்ன' என்று தோன்றும். தூக்கினால் துறைமுகத்துக்குள் கப்பல் வர முடியாது, காயலின் தண்ணீரும் வெளியே போய் வர முடியாது. அடிக்கடி மூடினால் காயல் குட்டையாகிவிடும். கடல் மட்டம் ஏற ஏற மூட வேண்டிய நாட்களும் கூடும் என்பது இந்த ஊரின் அடுத்த தலைவலி.

ஆனால் தண்ணீரும் வெயிலும் மட்டும் பார்த்து மாதம் குறிப்பது வேறு எந்த ஊருக்கும் சரியாக இருக்கலாம், வெனிஸுக்குச் சரிவராது. வெனிஸில் பார்க்க வேண்டியது தலைக்கணக்கு.

1951ல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022ல் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கியது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் கண்ணாடி ஜன்னலில், ஊரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டும் எண் பலகை ஒன்றை 2008லிருந்து வைத்திருக்கிறார்கள். ஸ்கோர் போர்டு மாதிரி, இறங்கிக்கொண்டே போகிற ஸ்கோர். 2023ல் இன்னொரு விஷயமும் நடந்தது. பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை, அங்கே வாழ்கிறவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. இந்த ஊருக்கு மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் போகிறவர் பார்ப்பது எதை? அழகான கட்டடங்களுக்கு நடுவே தன்னைப் போலவே போட்டோ எடுக்க வந்த ஆயிரக்கணக்கான பேரை. அங்கே மளிகை வாங்குகிற, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற வெனிஸ்காரர் ஒருவர் கண்ணில் படுவதே கஷ்டம்.

இதற்கு நகராட்சியே ஒரு நாட்காட்டி போட்டுக் கொடுத்திருக்கிறது. 2024 ஏப்ரல் 25லிருந்து, இரவு தங்காமல் பகலில் வந்து போகிறவர்களிடம் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். ஓர் ஊருக்குள் நுழைய டிக்கெட்! அந்த வருடம் 29 நாட்கள், ஆளுக்கு 5 யூரோ. 2025ல் 54 நாட்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. எல்லாம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரையிலான வார இறுதிகளும் விடுமுறைகளும்தான். கட்டணம் சின்னது, அதனால் கூட்டம் குறைந்ததா என்பது வேறு விவாதம். ஆனால் 'இந்த நாட்களில் எங்களால் முடியவில்லை' என்று ஓர் ஊர் தேதி போட்டுச் சொல்கிறது என்பது கவனிக்க வேண்டியது. வழிகாட்டிப் புத்தகம் நல்ல காலம் என்று சொன்ன ஏப்ரலும் மேயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலைத் தலைகீழாகப் படித்தால் போக வேண்டிய மாதங்கள் கிடைத்துவிடும்.

கோடையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 30 டிகிரி என்பது சென்னைக்காரர்களுக்கு ஒரு வெயிலே இல்லை. ஆனால் காயலின் புழுக்கமும், வற்றிய நேரத்தில் வாய்க்காலிலிருந்து வரும் வாடையும் சேர்ந்துகொள்ளும். தாமஸ் மான் 1912ல் வெளியிட்ட 'வெனிஸில் மரணம்' குறுநாவலில், சிரோக்கோ புழுங்கும் கோடையில் காலரா பரவுகிறது, ஊர்க்காரர்கள் வருமானம் போய்விடும் என்று பயணிகளிடம் அதை மறைக்கிறார்கள். சுற்றுலாவை நம்பி வாழும் ஊரின் பயத்தை நூறு வருடத்துக்கு முன்பே பிடித்துவிட்டார் மனிதர். ஜூலையில்தான் போக முடியும் என்றால் மூன்றாவது ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு போகலாம். 1575-77 பிளேக் முடிந்ததற்கு நன்றியாகக் கொண்டாடும் ரெதென்தோரே திருவிழா அது. ஜூதெக்கா தீவிலுள்ள பல்லாடியோவின் தேவாலயத்துக்கு மிதக்கும் பாலம் போடுவார்கள். வெனிஸ்காரர்கள் படகுகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் வாணவேடிக்கை பார்ப்பார்கள்.

பிப்ரவரி கார்னிவல்? முகமூடிப் படங்கள் எல்லாம் அங்கிருந்து வருபவைதான். 1797ல் நெப்போலியன் குடியரசை முடித்துவைத்த பிறகு நின்றுபோய், 1979-80 வாக்கில் மறுபடி உயிர்ப்பித்தார்கள், அதில் சுற்றுலாக் கணக்கும் உண்டு. வாரநாளில் போனால் தாங்கும், கடைசி வார இறுதியில் தாங்காது. இன்னொன்று: தண்ணீர் ஏறுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வற்றுவதைப் பற்றிப் பேசுவதில்லை. 2023 பிப்ரவரியில் காற்றழுத்தம் கூடி, மழையும் இல்லாமல், கடல் வழக்கத்தை விட வற்றியதில் சின்ன வாய்க்கால்கள் வெறும் சேறாகி கொண்டோலாக்கள் தரைதட்டி நின்றன. ஆம்புலன்ஸ் படகுகளுக்கே வழி இல்லை.

குளிர்காலத்துக்கென்று ஒரு பெரிய வக்கீல் உண்டு. ஜோசஃப் பிராட்ஸ்கி, ரஷ்யாவை விட்டு வெளியேற்றப்பட்ட கவிஞர், 1987ல் நோபல் வாங்கியவர். பிறந்து வளர்ந்தது லெனின்கிராடில், அதுவும் கால்வாய் நகரம்தான். அமெரிக்காவில் பேராசிரியர் வேலை கிடைத்த கையோடு 1972 டிசம்பரில் முதல்முறை வெனிஸ் போனார். பிறகு பல வருடங்கள், செமஸ்டர் விடுமுறையில், குளிரில் மட்டும் போய்வந்தார். கோடையில் அந்த ஊரை அவர் எண்ணிப் பார்க்கவே விரும்பவில்லை. கடைசியில் அவரைப் புதைத்ததும் அங்கேதான், சான் மிக்கேலே தீவின் கல்லறைத் தோட்டத்தில். இலையுதிர் காலத்துக்கு வக்கீல் என்றால் ஓவியர் மோனே. 1908 அக்டோபரில் போய், சில வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று நினைத்தவர் டிசம்பர் வரை இருந்துவிட்டார். 68ஆவது பிறந்தநாள் அங்கேதான் வந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஓர் இடம் என்று வைத்துக்கொண்டு, அதே வெளிச்சத்தில் அதே கட்டடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பனிமூட்டத்துக்கு வெனிஸ் பேச்சுமொழியில் 'காயிகோ' என்று பெயர். அது இறங்குகிற காலையில் எதிர்க்கரை தெரியாது, படகின் சத்தம் மட்டும் வரும். மே மாதப் படங்களில் கிடைக்காத வெனிஸ் அது.

நவம்பருக்கு இருக்கும் இன்னொரு காரணம் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது: நவம்பர் 21.

1630-31ல் மறுபடி பிளேக் வந்து ஊரில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோனது. நோய் நின்றால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று செனட் வேண்டிக்கொண்டது. நேர்த்திக்கடன் என்று சொன்னால் தமிழர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அப்படிக் கட்டியதுதான் பெரிய கால்வாயின் முகத்துவாரத்தில், எல்லாப் போட்டோவிலும் வருகிற சாலூத்தே தேவாலயம். கட்டியவர் லோங்கேனா, முடிந்து அர்ச்சிக்கப்பட்டது 1687ல். ஒவ்வொரு நவம்பர் 21 அன்றும் பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக நடந்து போய், உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது என்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறார்கள். மெஸ்த்ரேக்குக் குடிபோனவர்களும் அன்றைக்குப் பேரப்பிள்ளைகளோடு திரும்பி வருவார்கள். வெளியே பலூன், மிட்டாய், எண்ணெயில் பொரித்த பலகாரம் விற்கிற கடைகள். அசல் கோயில் திருவிழாதான். வீட்டிலும் சில உணவகங்களிலும் அன்றைக்கு காஸ்த்ரதீனா கிடைக்கும். ஆட்டுக்கறியை உப்புப் போட்டு, புகை போட்டுக் காயவைத்து, முட்டைக்கோஸோடு வேகவைத்தது. உப்புக்கண்டம் தின்றவர்களுக்குப் பழகிய ருசியாகவே இருக்கும். பிளேக் காலத்தில் வெனிஸைக் கைவிடாமல் கறி அனுப்பியவர்கள் தால்மேஷியக் கரைக்காரர்கள், அந்த நன்றிதான் இந்தச் சாப்பாடு என்று ஊரில் சொல்வார்கள். கார்னிவலைப் போல இது பயணிகளுக்காக நடப்பதில்லை. யாரும் வராவிட்டாலும் நடக்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் கடைசியில் மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். மழை உண்டு. உள்ளங்கை சில்லிடுகிற ஈரக் குளிர், டிகிரியில் பார்த்தால் ஒற்றை இலக்கம்தான், உடம்புக்கு இன்னும் கீழே தெரியும். காயலின் தூரத் தீவுகளில் சில உணவகங்கள் மூடியிருக்கும். ஏற்றம் அதிகமான நாளில் சில வாய்க்கால் பாலங்களுக்கு அடியில் படகு நுழையாது, வழி மாற்றி ஓட்டுவார்கள். கடலில் குளிக்க ஆசை இருந்தால் நவம்பரை மறந்துவிடலாம்.

இதையெல்லாம் விடச் சங்கடமான ஒன்று இருக்கிறது. நவம்பர் இத்தனை நாள் காலியாக இருந்ததற்குக் காரணம் தண்ணீர் பயம். ஊரை அழித்துக்கொண்டிருந்த அதே தண்ணீர் வருடத்தில் சில வாரங்கள் ஊரைச் சுற்றி வேலியாகவும் நின்றது. இப்போது 78 கதவுகள் கடலைத் தடுக்கின்றன. ஆட்களைத் தடுக்கக் கதவு எதுவும் இல்லை. நவம்பரும் நல்ல மாதம் என்று தெரிந்துவிட்டால், ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் அந்த நாலு வாரமும் போய்விடாதா? போகலாம். அதற்காகக் கட்டணப் பட்டியலிலுள்ள மே மாதச் சனிக்கிழமையே மேல் என்று சொல்லிவிட முடியாது. எழுபதாயிரம் எண்பதாயிரம் பேர் வருகிற நாளில் கூடுதலாக ஒருவராகப் போவதை விட, காலியான வாரத்தில் நாலு நாள் தங்கி, ரியால்டோ மீன் சந்தையில் காலையில் எதையாவது வாங்கி, ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் அந்த ஊருக்குக் குறைந்த பாரம். தங்குவது என்றால் குடியிருப்பு வீட்டைப் பிடுங்கி வாடகைக்கு விட்டிருக்கும் அறையாக இல்லாமல், பழைய ஹோட்டலாகப் பார்த்துக்கொள்வது உத்தமம். நவம்பரில் அதற்கும் விலை இறங்கியிருக்கும்.

தேதி கேட்கிறவர்களுக்கு: நவம்பர் 18, 19 வாக்கில் போய்ச் சேர்ந்து, 21ஆம் தேதி பாலத்தில் நடந்துவிட்டு, 23, 24ல் கிளம்பலாம். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அதனால் செப்டம்பரில் வேலையை ஆரம்பித்தால் அவசரம் இருக்காது. கொண்டோலாவுக்கு 2023 நவம்பரிலிருந்து அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அது கட்டுப்படியாகாதவர்கள் பெரிய கால்வாயின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நின்றுகொண்டே போகிற பரிசல் மாதிரியான த்ராகெத்தோவில் ஏறினால் இரண்டு யூரோவில் ஆசை தீர்ந்துவிடும். ரப்பர் பூட்ஸை ஊரிலிருந்து சுமந்து போக வேண்டாம், தண்ணீர் வந்தால் காலுக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் உறை அங்கேயே தெருவில் விற்பார்கள். நகராட்சியின் கடல்மட்ட முன்னறிவிப்பை மட்டும் முந்தின ராத்திரி ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கவும். 80க்கும் 110க்கும் நடுவில் போட்டிருந்தால் காலையில் சதுக்கத்துப் பக்கம் போகாமல் வேறு பக்கம் சுற்றலாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் தண்ணீர் தானே இறங்கிவிடும்.